பொண்ணு "ரஷ் பண்ணப் போறேன்"னு சொல்றாளா? சோராரிட்டி கார்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

"அம்மா, நான் ரஷ் பண்ணப் போறேன்"னு பொண்ணு சொன்னப்போ, எங்கடி ரஷ், கோயில்லயான்னு கேட்ட ஆளு நான். அட்லாண்டா பக்கம் 14 வருஷமா இருக்கோம், ஆனா வீட்டுக்காரரும் நானும் இந்த ஊர்ல காலேஜ் படிச்சவங்க இல்ல, அதனால தெற்குல ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டியில அவளுக்கு சீட் கிடைச்ச சந்தோஷம் அடங்கறதுக்குள்ள இந்த சோராரிட்டி விஷயம் வந்து ஆறு மாசம் தலையைப் பிச்சுக்கிட்டோம். பணம் ரெண்டு தடவை கட்டினோம், தப்பான நேரத்துல தப்பான அட்வைஸ் குடுத்தோம், ஒரு ராத்திரி முழுக்க மூணு பேரும் தூங்கல. அந்த அனுபவத்துல எழுதறேன். எங்க பொண்ணு எந்த யூனிவர்சிட்டின்னு சொல்லப் போறதில்ல, உதாரணம் தேவைப்படற இடத்துல அலபாமா யூனிவர்சிட்டியை எடுத்துக்கறேன், ஏன்னா இந்த விஷயத்துல அதுதான் பெரிய திருவிழா, வருஷம் 2,500 பொண்ணுங்களை ஒட்டி வர்றாங்க, 2021ல டிக்டாக்ல உலகமே பாத்துச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சோராரிட்டின்னா கிரேக்க எழுத்துல பேரு வச்ச பொண்ணுங்க சங்கம், பெரிய கேம்பஸ்ல பங்களா மாதிரி சொந்த வீடு இருக்கும், அதுல சேர்றதுக்கு நடக்கற தேர்வு வாரம்தான் ரஷ். ஆபீஷியலா ரிக்ரூட்மென்ட்னு சொல்வாங்க. சேரப் போற பொண்ணுக்கு பிஎன்எம்னு பேரு, எல்லா ஈமெயில்லயும் அப்படித்தான் வரும், பயந்துடாதீங்க. நான் கீழ "வீடு"ன்னு சொல்றது பெரும்பாலும் ஒரு சோராரிட்டியைத்தான்.

1. எந்தக் கதவைத் தட்டறோம்னு முதல்ல தெளிவு பண்ணிக்கோங்க

எங்களுக்கு இது தெரியவே தெரியாது. சோராரிட்டின்னா ஒரே வகைன்னு நினைச்சோம். மூணு வகை இருக்கு.

டிக்டாக்ல வர்றது, ஆகஸ்ட்ல நடக்கறது, பெரிய வீடு இருக்கறது எல்லாம் நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ்ல இருக்கற 26 சோராரிட்டிங்க, சுருக்கமா என்பிசி. ரெண்டாவது, கறுப்பின மாணவிகள் ஆரம்பிச்ச சோராரிட்டிங்க, கமலா ஹாரிஸ் ஹோவர்ட் யூனிவர்சிட்டியில சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா இந்த வகை. இவங்களுக்கு ஆகஸ்ட் ரஷ் கிடையாது, இன்டேக்னு தனி முறை, பெரும்பாலும் காலேஜ்ல கொஞ்சம் கிரெடிட் முடிச்ச அப்புறம்தான் எடுப்பாங்க. மூணாவது நம்ம பொண்ணுங்களுக்குப் பக்கமானது, தெற்காசியப் பொண்ணுங்க ஆரம்பிச்சது. டெல்டா ஃபை ஒமேகா, காப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ, மூணுமே 1998ல தொடங்கினது, முதல் ரெண்டும் டெக்சாஸ்ல. பெரும்பாலும் வீடு கிடையாது, அதனால செலவும் அந்தப் பெரிய வீடுங்க பக்கத்துல வராது.

ஒரு விஷயத்தை மூடி மறைக்காம சொல்லிடறேன். பெரிய வீடுகள்ல நம்ம நிறத்துப் பொண்ணுங்க இன்னிக்கும் கம்மிதான். 2013ல அலபாமா மாணவர் பத்திரிகை கிரிம்சன் வொயிட், நல்ல மார்க் இருந்தும் ஒரு கறுப்பினப் பொண்ணை பழைய மெம்பருங்க தலையிட்டு எடுக்க விடலன்னு போட்டு உடைச்சதுக்கு அப்புறம்தான் அங்க கதவு திறக்க ஆரம்பிச்சது. இப்ப நிலைமை மாறியிருக்கு, எங்க பொண்ணு போன சில வீடுகள்ல இந்தியப் பொண்ணுங்க இருந்தாங்க, சில வீட்டுல ஒருத்தர் கூட கண்ணுல படல. அதைப் பொண்ணு கிட்ட முன்னாடியே பேசிடுங்க, அவளே அங்க போய் எண்ணிப் பாத்து மனசு ஒடியறதுக்கு நம்ம வாயால கேக்கறது மேல்.

2. பணக்கணக்கு, பதிவு பண்றதுக்கு முன்னாடியே

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ பெரிய யூனிவர்சிட்டிகள்ல சில நூறு டாலர். லேட்டா பண்ணா இன்னும் அதிகம். ரஷ் ஆரம்பிச்ச அப்புறம் விலகினா பொதுவா திரும்பி வராது. இது வெறும் நுழைவுச் சீட்டு மாதிரி, சேர்ந்த அப்புறம்தான் உண்மையான பில்.

அலபாமா மாதிரி இடத்துல புது மெம்பருக்கு, அதாவது அந்த வீட்டுல தங்காத பொண்ணுக்கு, செமஸ்டருக்கே சராசரியா 4,000 டாலருக்கு மேல ஆகுது, வீட்டுலயே தங்கினா ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தங்கற செலவும் சாப்பாடும் அதுல வர்றதால டார்ம் செலவோட ஒப்பிட்டுப் பாருங்க, சும்மா மொத்தத் தொகையைப் பாத்து மயங்கி விழவேண்டாம். ஆனா முதல் வருஷம் வேற கதை: டார்முக்கும் கட்டுவீங்க, டார்ம்ல இருக்கற ஃப்ரெஷ்மேன்னா மீல் பிளானும் கட்டாயம், அதுக்கு மேல சோராரிட்டி சாப்பாட்டுக்கும் கட்டுவீங்க. நாங்க ரெண்டு தடவை கட்டினோம்னு சொன்னேனே, இதுதான். சேர்ந்ததும் சின்ன மீல் பிளானுக்கு மாத்தற வசதி எங்க கேம்பஸ்ல இருந்திருக்கு, அதுக்கு ஒரு கடைசித் தேதியும் இருந்திருக்கு, நாங்க பாக்கும்போது அது போய் ஒன்பது நாள். பிட் டே (பிட்னா சோராரிட்டி குடுக்கற சேர்க்கை அழைப்பு, அது வர்ற நாள்) அன்னிக்கே டைனிங் ஆபீசுக்கு ஈமெயில் போடுங்க.

பில்லுல வராத செலவும் இருக்கு. பேட்ஜ், டீ-ஷர்ட் (ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒண்ணு, கணக்கே இல்ல), ஃபார்மல்ங்கற டான்ஸ் பார்ட்டிக்கு டிரெஸ், மீட்டிங்குக்கு வரலன்னா ஃபைன். ரஷ் கன்சல்டன்ட்னு ஆயிரக்கணக்குல வாங்கறவங்களும் இருக்காங்க. அவங்க சொல்றதுல பாதி இந்தக் கட்டுரையில வந்துடும், மீதி பாதி எந்த டிரெஸ்னு சொல்றது.

பொண்ணு கிட்ட ஒரு நம்பரை சொல்லிடுங்க, வருஷத்துக்கு இவ்வளவுதான்னு. ஒவ்வொரு வீட்டோட டியூஸும் (மெம்பர் கட்டணம்) அந்த கேம்பஸ் சோராரிட்டிங்களோட கூட்டமைப்பான பான்ஹெலெனிக் வெப்சைட்டுல பொதுவா இருக்கும், முதல் ரவுண்டுகள்லயே காசு விவரம் சொல்லிடுவாங்க, அவளும் கூச்சப்படாம கேக்கலாம்.

3. பேப்பர் வேலை, ஏப்ரல்லேருந்து ஜூலை வரைக்கும்

பதிவு வசந்த காலத்துலேயே திறந்துடும். தயார் பண்ண வேண்டியது: ஹைஸ்கூல் ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட், ஆக்டிவிட்டி லிஸ்ட், தெளிவான முகம் தெரியற ஒரு போட்டோ, மார்க்கை சோராரிட்டிங்க பாக்கலாம்னு ஒரு சம்மதக் கையெழுத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் ஜிபிஏ கட்-ஆஃப் தனியா இருக்கும், 3.0க்குக் கீழ இருந்தா போட்டியுள்ள கேம்பஸ்ல முதல் ரவுண்டுலயே வெட்டிடுவாங்க, பேசிப் பயனில்ல. ஃபைனல் டிரான்ஸ்கிரிப்டை ஸ்கூல் மூடறதுக்குள்ள வாங்கிடுங்க, ஜூலையில போனா ஆபீஸ்ல ஆள் இருக்காது.

சில கேம்பஸ்ல முதல் ரவுண்டுக்கு வீட்டுலேருந்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பணும். வெளிச்சம் முகத்துல விழற மாதிரி ஜன்னல் பக்கம் நிக்க வச்சு எடுங்க, பின்னாடி குக்கர் விசில் அடிக்காம பாத்துக்கோங்க (எங்களுக்கு நாலாவது டேக்குலதான் சரியா வந்துச்சு).

ரெக்கமண்டேஷன் லெட்டர்னு ஒண்ணு சொல்வாங்க, அந்த சோராரிட்டியில முன்னாடி இருந்தவங்க எழுதித் தர்றது. நமக்கு அப்படி யாரைத் தெரியும்? இதுல நான் ரொம்ப நொந்தேன், ஆபீஸ்ல கூட வேலை பாக்கற அம்மாக்கள் கிட்ட எல்லாம் போய் நீங்க எந்த சோராரிட்டின்னு கேட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, சமீப வருஷங்கள்ல நிறைய சோராரிட்டிங்க இது கட்டாயம் இல்லன்னு எடுத்துட்டாங்க, அம்மா இருந்தா பொண்ணுக்கு முன்னுரிமைங்கற லெகசி வழக்கத்தையும் பலர் விட்டுட்டாங்க. கிடைச்சா அனுப்புங்க, கிடைக்கலன்னா அலையாதீங்க.

அவளோட இன்ஸ்டாகிராம் பாப்பாங்க, கண்டிப்பா பாப்பாங்க. பார்ட்டியில குடிக்கற சிவப்பு பிளாஸ்டிக் கப்போட நிக்கற போட்டோ எல்லாம் எடுத்துடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே ரஷ் நடக்கும், அதனால டார்முக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே போகணும். அந்த எர்லி மூவ்-இன் தனியா பதிவு பண்ணணும், தனியா ஃபீ இருக்கலாம். ரஷ்ஷுக்குப் பதிவு பண்ணா இது தானா நடக்கும்னு நினைக்காதீங்க.

4. துணியும் பையும்

ஆகஸ்ட்ல அந்த ஊர் வெயில் நம்ம மே மாச மெட்ராஸ் மாதிரி, வேர்வை அப்படி. முதல் நாட்களுக்கு அவங்களே குடுக்கற டீ-ஷர்ட்டும் ஷார்ட்ஸும், நடுவுல சன்டிரெஸ், கடைசி ப்ரெஃபரன்ஸ் ரவுண்டுக்கு கொஞ்சம் அடக்கமான காக்டெயில் டிரெஸ். வீடியோ பாத்து பிராண்ட் பிராண்டா வாங்காதீங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒண்ணு, மழைக்கு எக்ஸ்ட்ரா ஒண்ணு, போதும். செருப்புல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு நாளைக்கு பத்து வீடு ஏறி இறங்கணும்.

பையில: தண்ணி பாட்டில், பேட்டரி ஃபேன், பேண்ட்-எய்ட், குடை, டியோடரண்ட், ஒரு கிரனோலா பார், மாத்திக்க ஃபிளாட் செருப்பு. பையும் போனும் வீட்டுக்கு வெளியிலயே வச்சுட்டுத்தான் உள்ள போகணும், அதனால விலை உயர்ந்த பை எடுத்துட்டுப் போகவேண்டாம்.

5. அந்த வாரம் எப்படி ஓடும்

நம்ம ஊர்ல பொண்ணு பாக்க அவங்க வருவாங்க, இங்க பொண்ணு இருபது வீட்டுக்குப் போவா, அவ்வளவுதான் வித்தியாசம், சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதிலா ஐஸ் வாட்டர். கதவு திறந்ததும் நூறு பேர் ஒண்ணு மேல ஒண்ணா நின்னு கைதட்டிப் பாடுவாங்க, முதல் தடவை பாக்கும்போது பொண்ணு மிரண்டு போயிட்டா. அப்புறம் ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய்ப் பேசுவா, கொஞ்ச நேரத்துல இன்னொருத்தி வந்து தோளைத் தட்டி இடம் மாறுவா.

வரிசை பொதுவா இப்படி: ஓபன் ஹவுஸ், ஃபிலான்த்ரஃபி, சிஸ்டர்ஹூட், ப்ரெஃபரன்ஸ், அதுக்கு மறுநாள் பிட் டே. ஃபிலான்த்ரஃபின்னா அந்த சோராரிட்டி எந்த நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுதுன்னு சொல்ற ரவுண்டு, உதாரணமா ட்ரை டெல்டா செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்கு, கை ஒமேகா மேக்-எ-விஷ்ஷுக்கு. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் பொண்ணு ஆப்ல வீடுகளை வரிசைப்படுத்துவா, அவங்களும் ஒரு லிஸ்ட் போடுவாங்க, ரெண்டையும் கம்ப்யூட்டர் பொருத்தி மறுநாள் காலையில ஷெட்யூல் வரும். வீடுங்க குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசி ரவுண்டுல அதிகபட்சம் ரெண்டு.

மூணாவது நாள் காலையில அவ ஷெட்யூல்ல பாதி வீடு காணோம். போன்ல ஒரே அழுகை, நிறம்தான் காரணமா, நான் பேசினது தப்பான்னு. அன்னிக்கு எனக்குத் தெரியாதது இப்ப உங்களுக்குத் தெரியட்டும்: எந்த வீடு எத்தனை பேரைக் கூப்பிடலாம்னு முந்தைய வருஷக் கணக்கை வச்சு ஒரு எண்ணிக்கை குடுக்கறாங்க, யார் வீட்டுக்கு எல்லாரும் ஆசைப்படறாங்களோ அந்த வீடு ஆரம்பத்துலேயே நிறைய பேரைக் கழிச்சாகணும், இல்லன்னா கடைசி வரைக்கும் ஆசை காட்டி அப்புறம் விட்டுடுவாங்க. அதனால பேர் பெற்ற வீடு முதல்ல வெட்டறது உங்க பொண்ணைப் பாத்துத்தான்னு சொல்ல முடியாது. நிறம் காரணமே இல்லன்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு காலை ஷெட்யூலை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு கவுன்சிலர் இருப்பா, கேம்பஸைப் பொறுத்து ரோ காமா, பை கை, காமா கைன்னு பேரு, சீனியர் பொண்ணுதான், அந்த வாரம் அவ தன்னோட சோராரிட்டி எதுன்னு வெளியில சொல்லக் கூடாது. அழுகை, சந்தேகம், காய்ச்சல் எதுவானாலும் அவ கிட்ட போகச் சொல்லுங்க. நீங்க யூனிவர்சிட்டிக்கு போன் பண்ணாதீங்க. அம்மா கிட்ட எதுவும் சொல்ல மாட்டாங்க, பொண்ணுக்கு மானமும் போகும்.

6. என்ன பேசறது

ரஷ்ல அஞ்சு விஷயம் பேசக் கூடாதுன்னு ஒரு பழமொழியே வச்சிருக்காங்க: பசங்க, குடி, மதம், பணம் (நம்ம வசதியைப் பத்தி, டியூஸ் கேக்கறது இதுல சேராது), அரசியல். சரி, மீதி என்ன இருக்குன்னு கேட்டா நிறைய இருக்கு. எங்க பொண்ணு 11 வருஷம் பரதநாட்டியம் கத்துக்கிட்டவ, முதல்ல அதை மறைச்சு வச்சா, வித்தியாசமா பாப்பாங்கன்னு. ரெண்டாவது நாள் ஒருத்தி கேக்கப்போய் அரங்கேற்றத்தன்னிக்கு சலங்கை அவுந்த கதையைச் சொல்லியிருக்கா, அந்த வீடு கடைசி வரைக்கும் அவளைக் கூப்பிட்டுச்சு. பேரைச் சுருக்கச் சொல்லாதீங்க. மெதுவா ஒரு தடவை சொன்னா கத்துக்குவாங்க, கத்துக்காதவங்களையும் அவ கவனிச்சுக்கட்டும்.

சைவம்னா சாப்பாடு பத்திக் கேட்டுடணும். வீட்டுல சமையல்காரர் இருப்பார், சொன்னா செய்வாங்க, ஆனா தெற்குல பச்சை பீன்ஸ்ல கூட பேக்கன் போட்டு வேகவைப்பாங்க, "இது வெஜிடபிள்தானே"ன்னு நம்பி வாயில வைக்கக் கூடாது.

7. கார்டு: இங்கதான் நாங்க விழுந்தோம்

ப்ரெஃபரன்ஸ் ரவுண்டு முடிஞ்ச உடனே பொண்ணு ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். நான் கார்டுன்னு சொல்றது இதைத்தான், எம்ராபான்னு சொல்றாங்க, இப்ப எல்லாம் ஆன்லைன். கடைசி ரெண்டு வீட்டை ஒண்ணு ரெண்டுன்னு எழுதணும். நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் லாக் பண்ற மாதிரிதான், லாக் பண்ணா பண்ணதுதான்.

அவ எழுதின வீடு ஒண்ணு அவளுக்கு பிட் குடுத்து, அவ வேண்டாம்னு சொன்னா, அந்த கேம்பஸ்ல அடுத்த வருஷ ரஷ் வரைக்கும் வேற எந்த என்பிசி சோராரிட்டியிலும் சேர முடியாது. அதனால நிஜமா சேர மனசில்லாத வீட்டை எழுதக் கூடாது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம்: கடைசி ரவுண்டு வரைக்கும் கூப்பிட்ட எல்லா வீட்டுக்கும் போய், கிடைச்ச வீடுகளை எல்லாம் எழுதினவளுக்கு, கோட்டா (ஒரு வீடு எடுக்கற எண்ணிக்கை) நிறைஞ்சிருந்தாலும் இடம் போட்டுக் குடுக்கற வழி இருக்கு. ஒரே வீட்டை மட்டும் எழுதினா அந்தப் பாதுகாப்பு போயிடும். எங்க பொண்ணு ராத்திரி ஒன்பதரைக்கு போன் பண்ணி "ஒண்ணுதான் பிடிச்சிருக்கு, ரெண்டாவது ஓகே, மோசம்னு சொல்ல முடியாது"ன்னா, நான் உடனே பெரிய மனுஷி மாதிரி, பிடிக்காததுல ஏன் போய் இருக்கணும், பிடிச்சதை மட்டும் எழுதுன்னு சொன்னேன். எழுதினா. காலையில அவளுக்கு பிட் இல்லன்னு போன் வந்துச்சு. அவ ஓகேன்னு சொன்னதை நான் பிடிக்கலன்னு காதுல வாங்கிட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "எது பிடிச்சிருக்கு"ங்கறது கிடையாது. "இந்த ரெண்டாவது வீட்டுல சேர்றதா, இல்ல எதுலயுமே சேராம இருக்கறதா, எது உனக்கு மேல்?" அதைக் கேட்டுட்டு போனை வச்சிடுங்க. இதை ப்ரெஃபரன்ஸ் ராத்திரி வரைக்கும் தள்ளிப் போடாம, ரஷ்ஷுக்கு ஒரு வாரம் முன்னாடியே சாவகாசமா ஒரு தடவை பேசிடுங்க.

8. பிட் டே, பிட் இல்லாத டே

அலபாமாவுல பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்துல எல்லாப் பொண்ணுங்களும் ஒரே நேரத்துல கவரைப் பிரிச்சுட்டு அவங்கவங்க வீட்டுக்கு ஓடுவாங்க, பாக்க நல்லா இருக்கும். கிடைக்காதவங்களுக்கு அதுக்கு முன்னாடியே தனியா சொல்லிடுவாங்க.

பிட் டே பேஸ்கெட் விக்கறவங்க ஜூலையிலேயே வலை விரிப்பாங்க, பூ, பலூன், எழுத்து போட்ட குக்கீ. நான் ஆசையா முன்பணம் கட்டினேன். 85 டாலர், கேன்சல் பண்ணா திருப்பித் தர மாட்டோம்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. பிட் கையில வந்த அப்புறம் ஆர்டர் பண்ணுங்க, மறுநாள் போனா ஒண்ணும் குடி முழுகாது.

பிட் வராதவளுக்கு கதவு மூடலங்கறதும் எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். எந்த வீட்டோடயும் பொருந்தலன்னா அந்த ஒரு வருஷக் கட்டுப்பாடும் அவளுக்குக் கிடையாது. இடம் மிச்சம் இருக்கற வீடுங்க அன்னிக்கே ஸ்னாப் பிட்னு கூப்பிடலாம், இல்ல செமஸ்டர் நடுவுல கன்டினியூயஸ் ஓபன் பிட்டிங்னு எடுக்கலாம், அதுல பாட்டும் கிடையாது கதவும் கிடையாது, காபி குடிச்சுட்டு பேசறதுதான். அவ பேர் அந்த லிஸ்ட்ல இருக்கணும்னு பான்ஹெலெனிக் ஆபீசுக்கு அவளே ஈமெயில் போடணும். எங்க பொண்ணுக்கு செப்டம்பர் மூணாவது வாரம் ஒரு வீட்டுலேருந்து வந்துச்சு. அந்த ரெண்டாவது வீடு இல்ல, நாலாவது நாள் அவளை வெட்டின வீடு! போனா, இப்ப அங்கதான் இருக்கா.

9. சேர்ந்த முதல் செமஸ்டர்ல கவனிக்க வேண்டியது

முதல் சில வாரம் நியூ மெம்பர் காலம், அப்புறம் இனிஷியேஷன். அந்தச் சடங்கு ரகசியம், பொண்ணு சொல்ல மாட்டா, தோண்டாதீங்க. ஆனா இனிஷியேஷன் ஆயிட்டா வாழ்நாள் முழுக்க வேற என்பிசி சோராரிட்டியில சேர முடியாது, கேம்பஸ் மாறினாலும் சரி. விலகணும்னு தோணினா அதுக்கு முன்னாடி யோசிக்கச் சொல்லுங்க.

பிக்-லிட்டில்னு ஒண்ணு வரும், ஒரு சீனியர் அக்கா ஒரு வாரம் பேர் சொல்லாம பரிசா அனுப்பி கடைசி நாள் நான்தான்னு வந்து நிப்பா. இந்த வருஷம் வாங்கறது அடுத்த வருஷம் குடுக்கணும், மொய் மாதிரிதான், பட்ஜெட்ல எழுதி வச்சுக்கோங்க. ஹோம்கமிங்குக்கு (பழைய மாணவர்கள் வர்ற ஃபுட்பால் திருவிழா) கம்பி வலையில கலர் டிஷ்யூ பேப்பரை ஒவ்வொண்ணா செருகி ராத்திரி ராத்திரியா அலங்காரம் பண்ணுவாங்க, பாம்பிங்னு பேரு, அந்த வாரம் மிட்டர்ம் இருந்தா மார்க் போச்சு, சிலபஸை முன்னாடியே பாத்து வச்சுக்கச் சொல்லுங்க.

ரேகிங் மாதிரி ஏதாவது நடக்குமான்னு வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தார், நாங்க ரெண்டு பேரும் நம்ம ஊர் காலேஜ் ஹாஸ்டல்ல பாத்தவங்கதான். இங்க அதுக்கு ஹேசிங்னு பேரு, விதிப்படி தடை, ஆனா நடக்கறதே இல்லன்னு சொல்ல முடியாது. 2024 டிசம்பர்ல வந்த ஃபெடரல் சட்டப்படி ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் எந்த அமைப்பு ஹேசிங்ல மாட்டுச்சுன்னு அறிக்கை போடணும். யூனிவர்சிட்டி பேரோட ஹேசிங் ரிப்போர்ட்னு தேடினா வரும், ரஷ்ஷுக்கு முன்னாடியே அவளை உக்கார வச்சு ஒரு தடவை படிங்க. தூங்க விடாம வைக்கறது, போனைப் பிடுங்கி வைக்கறது, குடிக்கச் சொல்றது எதுவானாலும் ஹேசிங்தான், "எல்லாரும் பண்ணாங்க"ங்கறது பதில் ஆகாது.

கடைசியா வாடகை. நிறைய வீடுங்க ரெண்டாம் வருஷம் உள்ளேயே தங்கணும்னு கேக்கும், கட்டில் நிறையலன்னா அவங்களுக்கு நஷ்டம். காலேஜ் ஊர்ல அடுத்த வருஷ அபார்ட்மென்ட்டுக்கு செப்டம்பர் அக்டோபர்லயே ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பிச்சுடுவாங்க, இவளும் ஜோதியில ஐக்கியமாகி ஒரு லீஸ் போட்டுட்டா ரெண்டு இடத்துக்கும் வாடகை நீங்கதான். சோராரிட்டி ஹவுசிங் ஒப்பந்தத்தைப் படிக்காம எந்த லீஸுலயும் கை வைக்காதேன்னு சொல்லி வைங்க. அப்படியே ஃபேமிலி வீக்கெண்ட் தேதி வந்த அன்னிக்கே ஹோட்டல் போட்டுடுங்க, ஃபுட்பால் மேட்ச் இருக்கற வாரம் ரெண்டு ராத்திரி எடுத்தாத்தான் ரூம் தருவாங்க, நாங்க 40 மைல் தள்ளி ஒரு மோட்டல்ல தங்கி காலையில கார்லயே இட்லி சாப்பிட்டுப் போனோம்.